பாய்லருக்கு வெளியே ஒரு மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலைதான் வரும். கச்சிராயபாளையத்தில் அதை 'ஷட்டவுன்' என்போம். அமாவாசை, கிருத்திகை வரிசையில் அதுவும் ஒரு நாளாகவே சேர்ந்துவிட்டது. முந்தின நாளே மாவு அரைத்து வைப்பது, தொட்டியை நிரப்புவது, போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது என்று அதற்கும் சில சாங்கியங்கள் உண்டு. இத்தனையும் தெரிந்த எங்கள் தரகர் அந்த நாளாகப் பார்த்துத்தான் நேரம் குறித்திருந்தார். பூசிய பவுடர் வேர்வையோடு கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருக்க, நான் காபித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளை அண்ணாந்து, நின்றுபோன ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேனைப் பார்த்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தார். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் நான் முதலில் எடுத்துப் பேசுவது இதைத்தான்.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அப்பா கேட்டார். கரண்ட் தயாரிக்கிற இடத்தில் வேலை என்று அவருடைய மாமா சொன்னார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சம்பளம், சொத்து, கெட்ட பழக்கம் எதையும் அவர் கேட்கவில்லை.

அப்பாவுக்குக் கோமுகி அணைக்கு இந்தப் பக்கம் கரும்புக் கொல்லை. கிணற்று மோட்டார் ஓடுவதற்கு மூன்று பேஸும் வேண்டும். அது பகலில் கொஞ்ச நேரம், ராத்திரியில் கொஞ்ச நேரம் என்று முறைவைத்து வரும். முறையும் நிலையாக இருக்காது, அடிக்கடி மாறும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது த்ரீ பேஸ் வந்துவிட்டது என்று யாராவது குரல் கொடுத்தால், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடுவார். இந்த மனுஷன் என்னைவிட த்ரீ பேஸுக்காகத்தான் ஜாஸ்தி ஏங்கியிருக்கிறார் என்று அம்மா வெளிப்படையாகவே சொல்வாள். அப்படிப்பட்டவருக்குக் கரண்ட் தயாரிக்கிற இடத்திலிருந்தே மாப்பிள்ளை கிடைத்தால் கேட்க வேண்டுமா? ஃபேன் ஓடாத அந்த வீட்டில் அவர் முகத்தில் மட்டும் குளுகுளுவென்று காற்று அடித்தது.

மாப்பிள்ளை எதையும் மறைக்கவில்லை. தான் அங்கே நிரந்தர ஆள் இல்லை, ஒப்பந்த வேலை, சாரம் கட்டுகிறவன் என்று பட்டென்று சொல்லிவிட்டார். வடக்கே கடலோரத்தில் அந்த அனல்மின் நிலையம் இருக்கிறது. ஒரு யூனிட்டைப் பழுது பார்க்க வேண்டுமென்றால் நெருப்பை அணைத்து, பாய்லர் என்கிற ராட்சசக் கொதிகலன் ஆறும்வரை காத்திருந்து, பிறகு திறப்பார்கள். அந்தச் சமயத்தில் மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் கல்வராயன் மலைக்கு மேலிருந்தும் ஒரு கூட்டம் வேலைக்குப் போகும். உயரத்தைக் கண்டு பயப்படாதவர்கள். பாய்லருக்குள்ளே அடியிலிருந்து உச்சிவரை இரும்புக் குழாய்களால் சாரம் கட்டுவார்கள். வெல்டிங் ஆட்கள் அதில் ஏறி வேலை செய்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு சாரத்தைப் பிரித்து வெளியே கொண்டுவர வேண்டும். ஆக, உள்ளே முதலில் போகிறவர்களும் இவர்கள்தான், கடைசியில் வெளியே வருகிறவர்களும் இவர்கள்தான். இத்தனையையும் மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாரம் எங்கள் ஊருக்குப் பகல் முறையா, ராத்திரி முறையா என்று அவரிடமே கேட்டார்.

நிச்சயம் ஆன கையோடு அவர் வடக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் அப்போது கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். காலையில் டவுன் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். கூடத் தைக்கிற பெண்களுக்கு நிச்சயமான மாப்பிள்ளைகள் போனில் இனிக்க இனிக்கப் பேசினார்கள். என் ஆள் சாம்பலைப் பற்றிப் பேசினார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு வந்துதான் கூப்பிடுவார். பாய்லர் எவ்வளவு உயரம் என்று கேட்டால், திருநாவலூர்க் கோயில் கோபுரத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அதன் மேலே நின்று தேங்காய் உடைக்கலாம் என்பார். பொய் சொல்லத் தெரியாதவருக்கு அளக்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

டோக்கன் விஷயத்தையும் அப்படி ஒரு டீ நேரத்தில்தான் சொன்னார். பாய்லருக்குள் நுழைகிற ஓட்டைக்கு மேன்ஹோல் என்று பேர். ஒரு தோளை முன்னே விட்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியுமாம். அதன் பக்கத்தில் வரிசையாக ஆணி அடித்த ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் எண் போட்ட ஒரு பித்தளை டோக்கன். உள்ளே போகும்போது அதை ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.

"பலகைல ஒரே ஒரு டோக்கன் தொங்கினாலும் பாய்லர மூட மாட்டாங்க. உள்ள ஆளு இருக்கான்னு அர்த்தம்" என்றார்.

எங்கள் ரேஷன் கடையிலும் டோக்கன்தான், ஆனால் கையில் டோக்கனோடு இத்தனை பேர் நிற்கும்போதே கடையை மூடிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மற்ற எதற்கும் சிரிப்பவர், டோக்கன் பேச்சில் மட்டும் சிரிக்க மாட்டார். சரி, வேலை விஷயம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வைகாசியில் கல்யாணம். அதற்குள் வேலை முடிந்துவிடும் என்று நம்பித்தான் நாள் குறித்தோம். ஆனால் பாய்லரைத் திறப்பதும் பழைய வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் ஒன்றுதான் போலிருக்கிறது. சுண்ணாம்பைச் சுரண்டினால் காரை பெயரும், காரையைத் தட்டினால் உள்ளே செங்கல் ஆடும். ஓரிடத்தில் பாய்லர்க் குழாய் மெலிந்திருக்கிறது என்று மாற்றப் போக, பக்கத்துக் குழாய்களும் அதே நிலைமையில் இருந்தனவாம். வேலை இழுத்துக்கொண்டே போனது. சாரம் நிற்கும்வரை சாரக்காரனுக்கு லீவு கிடையாது.

வெயிலும் அந்த வருஷம் மண்டையைப் பிளந்தது. எங்கோ இன்னொரு யூனிட்டும் திடீரென்று நின்றுபோனதாக டிவியில் சொன்னார்கள். பராமரிப்பு வேலைகள் நேரத்துக்கு முடியாவிட்டால் சுழற்சி முறையில் மின்வெட்டு வரலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. எந்தப் பகுதிக்கு எந்த நேரம் என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு அட்டவணை சுற்றியது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, யார் போட்டது என்றும் தெரியாது. எங்கள் கடை முதலாளியம்மா மட்டும் முன்யோசனையோடு, மோட்டார் வைத்த தையல் மிஷின்களுக்கெல்லாம் மறுபடி பெல்ட் மாட்டி, காலால் மிதிக்கிற மாதிரி மாற்றிவைத்தார். என் கல்யாண ஜாக்கெட்டைப் பாதி கரண்டிலும் பாதி காலாலும்தான் தைத்தேன். வலது கைத் தையலையும் இடது கைத் தையலையும் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அப்பா தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். கள்ளக்குறிச்சியில் பேசியிருந்த கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. வேண்டுமானால் வெளியிலிருந்து ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று மண்டபத்துக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மைக்கும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிற பாய் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். அவரே வீடு தேடி வந்து, முகூர்த்த நாள், அப்புறம் கேட்டால் ஜெனரேட்டர் கிடைக்காது, இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா பாய் நீங்க. மாப்ளயே கரண்டு தயார் பண்ற எடத்துல வேல பாக்கறாரு. அவரு கல்யாணத்துக்கு ஜெனரேட்டரு வச்சா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

பாய் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவிடம், அவர் சாரம் கட்டுகிறவர், சுவிட்ச் போடுகிறவர் இல்லை என்றேன். அதெல்லாம் உனக்குத் தெரியாது என்றார். ஜெனரேட்டர் வைத்தால் மாப்பிள்ளை வீட்டாரை அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். சர்க்கரை வியாபாரி வீட்டுக்கு வெல்லம் வாங்கிப் போவதுபோல என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். பாய் மோரைக் குடித்துவிட்டு, அல்லா பார்த்துக்கொள்வான் என்று எழுந்து போனார். அந்த ஜெனரேட்டர் அன்றைக்கே உளுந்தூர்பேட்டைக் கல்யாணம் ஒன்றுக்குப் பேசி முடிந்துவிட்டது.

ஆக, என் கல்யாணம் முழுக்க அந்த ஒரு பாய்லரில் வந்து நின்றது. வேலை முடிந்தால் மாப்பிள்ளை வருவார். பாய்லர் பற்றினால் கரண்ட் வரும். முடியாவிட்டால் இரண்டும் இல்லை. பார்க்காத அந்த இரும்பு அடுப்பை நான் மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. எருமை, சோம்பேறி, சனியன் என்று எனக்குத் தெரிந்த எல்லாப் பட்டமும் அதற்குக் கொடுத்துவிட்டேன். அம்மா வேறு மாதிரி. சாமி விளக்கு ஏற்றும்போது, பாய்லர் நல்லபடியாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். எங்கள் குலதெய்வத்துக்கு அதுவரை அப்படி ஒரு வேண்டுதல் வந்திருக்காது.

வரவேற்புக்கு முந்தின நாள் கூப்பிட்டபோது அவர் குரலில் அவசரம் தெரிந்தது. விடிய விடியச் சாரம் பிரிக்கிறோம், காலையில் கடைசிக் குழாய் வெளியே வந்துவிடும், வந்ததும் கிளம்பிவிடுவேன் என்றார். தாலி கட்டுகிற நேரத்துக்காவது வந்துவிடுங்கள் என்றேன். அது கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொல்லும்போது பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவர் சரி என்று வைத்துவிட்டார்.

சொன்னபடியே வந்தார். பெண்ணழைப்பு முடிந்து, நான் மணமகள் அறையில் முகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம், ஒரு வேனில் அவரும் அவருடைய மலைக்காரக் கூட்டாளிகளும் வந்து இறங்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேரே பாய்லரிலிருந்து எழுந்து வந்த கோலம். காது மடிப்பில் சாம்பல், இமையில் சாம்பல், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவரைக் குளிப்பாட்டிய தண்ணீர் மண்டபத்துக் கால்வாயில் கறுப்பாக ஓடியதை என் சித்தி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். எனக்கு அதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. வந்துவிட்டார், அது போதும் என்று இருந்தது. பூச்சு போடுகிற பெண், சிரிக்காமல் உட்காருங்கக்கா, மை கலையுது என்று அதட்டினாள்.

மேடையில் அவருக்கு வாடகைக் கோட்டும் சூட்டும். தையல்காரி கண்ணுக்கு எதுவும் தப்பாது. அந்தக் கோட்டில் பாக்கெட் இருப்பதுபோல் ஒரு மடிப்புத்தான் இருந்தது, உள்ளே துணி கிடையாது. அதனால் அவர் போனை அறையிலேயே பையில் போட்டுவிட்டு வந்திருந்தார். சார்ஜ் தீர்ந்து அது எப்போதோ அணைந்தும் போயிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒட்டுப் பாக்கெட்டால்தான் அடுத்து நடந்ததெல்லாம் நடந்தது.

பாய் போட்ட சீரியல் லைட்டில் மண்டபம் ஜொலித்தது. பாட்டு காதைப் பிளந்தது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அப்பா வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் மேலே ஓடுகிற ஃபேனைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது அவர் போன் அடித்தது. தெரியாத எண். மின் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது மட்டும்தான் அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் பெரிய அதிகாரி வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டார். உங்கள் ஆசீர்வாதம் இருந்தால் போதும், கரண்ட் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உரக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போனை அம்மாவிடம் கொடுத்து, அதிகாரியே பேசினார் என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

பாட்டு நடுவில் அறுந்தது. ஃபேன்கள் முனகிக்கொண்டே நின்றன. அப்புறம், யாரோ சொல்லிவைத்த மாதிரி, அத்தனை பேரும் மேடையைப் பார்த்துத் திரும்பினார்கள். அத்தனை பேருடைய செல்போன் வெளிச்சமும் மாப்பிள்ளை முகத்தில் விழுந்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல், மாப்ள சுவிட்ச எங்க வச்சீங்க என்று கேட்டது. மண்டபம் சிரித்தது. அவரும் சிரிக்க முயன்றார். அப்பா வாசலிலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அன்றைக்கு அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு கேள்வி கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, பாய் ஆள் அனுப்பி விசாரித்தார். மண்டபத்துத் தெரு மட்டுமில்லை, கருணாபுரம் வரைக்கும் இருட்டாம். மின்வெட்டுதான், முறைவைத்து நிறுத்தியிருக்கிறார்கள், எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள்.

பாட்டு நின்றுபோனதால்தான் அம்மாவின் கையிலிருந்த போன் அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. அதே எண். அம்மா எடுத்தாள், ஒன்றும் புரியாமல் மேடைக்கு ஏறிவந்து என் கையில் கொடுத்தாள்.

எதிர்முனையில் ஒருவர், நிதானமாகப் பேச முயல்கிற குரலில், கல்யாணப் பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அங்கே சாரக்காரர்களைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசராம். ஆபீசில் ஒட்டியிருந்த எங்கள் பத்திரிகையைப் பார்த்து அப்பா எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"மன்னிச்சுக்கம்மா. மாப்பிள்ளை இப்ப உன் கண்ணெதிர்ல இருக்காரா? அத மட்டும் சொல்லு."

"என் பக்கத்துலதான் நிக்கறாருங்க" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் ஒரு மூச்சு கேட்டது. வெகுநேரம் அடக்கிவைத்திருந்து விட்ட மூச்சு.

பிறகுதான் சொன்னார். பாய்லரில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. மூடிப் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. மேன்ஹோல் பலகையில் ஒரு டோக்கன் தொங்குகிறது. அது இவருடையது. போன் அணைந்திருக்கிறது, கூடப் போன கூட்டாளிகளும் போனை எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டான் என்று கேட்டில் சொல்கிறார்கள், கூட வேலை செய்த வடநாட்டுப் பையன்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் டோக்கன் தொங்கும்போது, போய்விட்டான் என்று யார் சொன்னாலும் மூட முடியாது. அதனால் ஆட்கள் மறுபடி உள்ளே இறங்கி, ஒவ்வொரு மேன்ஹோலாகத் தலையை விட்டு, விளக்கடித்து, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். முதலில் கூப்பிட்டபோது அப்பா ஆசீர்வாதம் கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம்.

கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு இவர் இங்கே மொய்க்கவர் வாங்கிக்கொண்டு நிற்கிறார். அங்கே பாய்லர் இருட்டில் முகம் தெரியாத ஆட்கள் இவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர் உள்ளே எங்கேயோ விழுந்து கிடக்கிறார் என்றுதானே அவர்கள் நினைத்திருப்பார்கள். கூப்பிடக் கூப்பிடப் பதில் வராதபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நீ சொன்னது போதும்மா, இருந்தாலும் அவர் குரலை நான் கேட்க வேண்டும் என்றார் சூப்பர்வைசர். போனை மாப்பிள்ளையிடம் நீட்டினேன். டோக்கன் என்று மட்டும்தான் சொன்னேன். செல்போன் வெளிச்சங்களில் அவர் முகம் வெளுத்ததை மண்டபமே பார்த்தது. அவசரத்தில் கடைசிக் குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர், பலகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாலி கட்டுகிற நேரத்துக்காவது வந்துவிடுங்கள் என்று நான்தான் துரத்தியிருக்கிறேன்.

அவர் போனைக் காதில் வைத்து, தன் டோக்கன் எண்ணைச் சொன்னார்.

"நான் வெளில இருக்கேங்க சார்."

அந்தப் பக்கத்திலிருந்து சூப்பர்வைசர் திரும்பி யாருக்கோ சத்தமாக ஏதோ சொன்னதும், பல பேர் ஒரே நேரத்தில் பேசினதும் எனக்கே கேட்டது. தமிழும் இந்தியுமாக என்னென்னவோ. அதில் ஒருவன் சிரிப்பது மட்டும் நன்றாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. இருட்டாக இருந்ததால் மையைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன். அழுதுகொண்டே அந்தக் கோட்டுக்கு மேலேயே அவர் கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அவர் ஆவென்றார். மேடைக்குக் கீழே இருந்தவர்கள் வேறு என்னவோ நினைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

அவர் போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்த அதே நேரத்தில்தான் கரண்ட் வர வேண்டுமா? வந்தது. சீரியல் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, அறுந்த பாட்டு அறுந்த இடத்திலிருந்து பாடியது. அப்பா தூணை விட்டுவிட்டு நடு மண்டபத்துக்கு வந்தார். பார்த்தீர்களா, மாப்பிள்ளை ஒரே ஒரு போன் போட்டார், கரண்ட் வந்துவிட்டது என்று எல்லோரையும் பார்த்து அறிவித்தார். மாப்பிள்ளை அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார். பாய்லரைப் பற்றவைத்தாலும் கரண்ட் எடுக்க வெகுநேரம் ஆகும், இது முறை முடிந்து வந்த கரண்ட் என்று சொல்லிப் பார்த்தார். எங்கள் ஒரு யூனிட்டுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நேர்க் கம்பி கிடையாது, எல்லாக் கரண்டும் ஒரே ஏரியில் கலக்கிற தண்ணீர் மாதிரி என்றும் சொன்னார். யார் கேட்டார்கள்? அவர் தன்னடக்கத்தோடு பேசுவதாக எங்கள் சனங்கள் மெச்சிக்கொண்டார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில், கல்யாண மேடையிலிருந்து போன் போட்டுக் கரண்ட் வரவழைத்த மாப்பிள்ளை என்றுதான் அவருக்குப் பேர். அப்பா சாகிறவரைக்கும் இந்தக் கதையை விடப்போவதில்லை.

காலையில் தாலி கட்டும்போது கரண்ட் இருந்தது. நகக்கண் கறுப்பு மட்டும் போகவில்லை. எங்கள் ஆல்பத்தில் மஞ்சள் கயிற்றைப் பிடித்திருக்கிற அந்தக் கறுப்பு விரல்கள்தான் பெரிதாக விழுந்திருக்கின்றன. லீவு முடிந்து போனபோது சூப்பர்வைசர் அந்த டோக்கனைக் கையில் கொடுத்து, காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, நடந்ததை அவர் வாயாலேயே சொல்லவைத்தாராம். புதிதாக ஆட்கள் சேரும்போதெல்லாம் சொல்லவேண்டியிருக்கிறதாம். அந்தச் சூப்பர்வைசரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவர் விட்ட அந்த மூச்சு மட்டும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாய்லரை நான் ஒரு நாளும் திட்டினதில்லை.

இப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறோம். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். இவர் இன்னமும் பராமரிப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். இந்தக் கோடையிலும் போயிருந்தார், இந்தக் கோடையிலும் வேலை இழுத்தது. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு அக்கா, கரண்ட்டை நான் முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல, வாசலில் வந்து நின்றாள். கிரைண்டரில் உளுந்து பாதியில் நிற்கிறதாம்.

"உங்க வூட்டுக்காரரு பாய்லரு இன்னும் பத்திக்கலியா? எத்தினி நாளைக்கி இழுத்துக்கினு இருப்பாங்க?"

அன்றைக்குச் சாரம் பிரிப்பதாகச் சொல்லிவிட்டுக் காலையில் உள்ளே போயிருந்தார். போன் அணைந்திருந்தது. போன் அணைந்திருக்கிறது என்றால் பலகையில் டோக்கன் தொங்குகிறது என்று அர்த்தம்.

"மெதுவா பத்திக்கட்டும்க்கா" என்றேன். "ஆளுங்க மொதல்ல வெளில வரட்டும்."

அக்காவுக்கு என் பதில் பிடிக்கவில்லை. உளுந்து புளித்துப்போகும் என்று முனகிக்கொண்டே போனாள். நான் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, காலால் மிதித்துத் தைக்க ஆரம்பித்தேன். பொழுது சாய்ந்து ஊசிக் கண் தெரியாமல் போன நேரத்தில் அவர் கூப்பிட்டார். எடுத்ததும் ஊரில் கரண்ட் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றேன். டோக்கனைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். கழற்றிவிட்டாராம், கையில்தான் வைத்திருக்கிறாராம். சரி என்று போனை வைத்துவிட்டு, மெழுகுவத்தி தேடப் போனேன்.